நகத்துப் பூ காய்வதற்குள்

நகத்துக்குப் பூ போடுகிற தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: எதிரில் வருபவர் யாராக இருந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விரல் நுனியைப் பார்த்துவிடுவோம். பந்தியில் உட்கார்ந்தால் சாம்பார் ஊற்றுகிறவரின் கட்டை விரல்தான் முதலில் கண்ணில் படும். சர்ச்சில் பாஸ்டர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் சொல்லும்போது, 'சுண்டு விரல் நகத்தை மட்டும் கோணலா வெட்டியிருக்காரே' என்று தோன்றும். ஆமென் சொல்ல மறந்துபோகும். இதைப் படிக்கிறவர்களில் யாராவது பார்லரில் வேலை பார்த்தால் இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நான் முதலில் பார்லர்க்காரி இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் ஸ்டாம்பிங் செக்‌ஷனில் இருந்தேன். ஷூவுக்குள்ளே பாதம் படுகிற அட்டையில் கம்பெனி பேரும் சைஸ் நம்பரும் அடிக்கிற வேலை. வெளிநாட்டு ஆர்டர் குறைந்துபோன ஒரு வருஷம் எங்களில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் தெருவில் இருந்த பர்வீன் அக்கா பஜாரில் மாடிப்படி ஏறிப் போகிற ஒரு பார்லர் வைத்திருந்தார். "சும்மா உக்காந்திருக்காத எஸ்தரு, வந்து நூலாவது பிடி" என்றார். அப்படித்தான் புருவம் திருத்தப் போய்ச் சேர்ந்தேன். செல்போனில் கேமரா வர ஆரம்பித்திருந்த காலம் அது.

சீனாவிலிருந்து வந்த தட்டு

பர்வீன் அக்காவின் கொழுந்தன் அயூப் பாய், ஷூவுக்கு வேண்டிய பக்கிள், ஸோல் எல்லாம் வாங்க சீனாவுக்குப் போய் வருவார். ஒவ்வொரு தடவையும் அண்ணிக்கு என்று, அவர் பாஷையில் 'பாபி'க்கு என்று, ஏதாவது கொண்டு வருவார். ஒரு தடவை ஒரு சின்னப் பெட்டியைப் பார்லருக்கே கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஊறுகாய் பாட்டில் மூடி அளவுக்கு வட்டமான ஸ்டீல் தட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் குட்டிக் குட்டியாகப் பூ, இலை, பட்டாம்பூச்சி, இங்கிலீஷ் எழுத்து என்று பள்ளமாகச் செதுக்கியிருந்தது. கூடவே ஒரு தகட்டுச் சுரண்டி, ரப்பர் வைத்த ஒரு முத்திரைக் கட்டை. எப்படிச் செய்வது என்று ஒரு தாளும் இருந்தது. முழுக்க சீன எழுத்து. பர்வீன் அக்காவின் மாமியார் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிஸ்கட் அச்சு என்று முடிவு செய்து சமையலறைக்கு எடுத்துப் போகப் பார்த்தார்.

"இது இன்னா அயூப்?" என்று பர்வீன் அக்கா கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் ஞாபகம் இருக்கிறது. "தெரியல பாபி. அங்க ஒரு கடையில பொண்ணுங்க எல்லாம் வரிசையில நின்னாங்க. நானும் நின்னேன்." தாளில் இருந்த படத்தைப் பார்த்துத்தான் அது நகத்துக்கானது என்று எனக்குப் புரிந்தது. நான் படத்தை விரலால் தொட்டுக் காட்டியதும் பர்வீன் அக்கா பெட்டியை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார்.

"ஃபேக்டரியில ஸ்டாம்பிங்தானே பண்ணிக்கினு இருந்த? இதுவும் ஸ்டாம்பிங்தான். ஆரம்பி."

வேண்டுதல்

கேட்க சுலபம்தான். பள்ளத்தில் பாலிஷைத் தடவ வேண்டும். மேலே மிஞ்சியதைத் தகட்டால் ஒரே இழுப்பில் வழிக்க வேண்டும். ரப்பரை அழுத்திப் பூவை எடுத்து, நகத்தின் மேல் உருட்டினாற்போல ஒத்த வேண்டும். இத்தனையும் பாலிஷ் காய்வதற்குள் நடக்க வேண்டும். எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். ஃபேனைப் போட்டால் தட்டிலேயே காய்ந்து போகும். ஃபேனை நிறுத்தினால் என் நெற்றி வேர்வை தட்டில் சொட்டும். மெதுவாக வழித்தால் பூவோடு சேர்ந்து வந்துவிடும், வேகமாக வழித்தால் தட்டில் கீறல் விழும். புது பாலிஷ் எல்லாம் தண்ணியாக ஓடியது. பர்வீன் அக்கா தூக்கிப் போட வைத்திருந்த பழைய பாட்டிலில் அரைகுறையாகக் கெட்டியாகிப் போன கறுப்பு பாலிஷ்தான் கடைசியில் கை கொடுத்தது. அதில் ஒத்தியபோது முதன்முதலாக ஒரு ரோஜா இதழ் இதழாக வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் விரல்கள் ரிமூவர் போட்டுப் போட்டு வெளுத்துப் போனதால் பழகுவதற்கு வேறு விரல் தேவைப்பட்டது. என் வீட்டுக்காரர் டேனியல் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போடுவார். ஒரு நாள் அவருடைய இடது கட்டை விரலை இரவல் வாங்கினேன். ரோஜா பிரமாதமாக விழுந்தது. காயட்டும் என்று விட்டுவிட்டுத் துணி அலசப் போனேன். திரும்பி வருவதற்குள் அவர் எழுந்து ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து விரலை என் முகத்துக்கு நேராக நீட்டினார். கோபமா என்று பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

"சில்லறை வாங்கறப்ப ஒருத்தன் பாத்துட்டு, வேண்டுதலா அண்ணேன்னு கேட்டான். ஆமாம்பான்னு சொல்லிட்டேன்."

தலைகீழ் ரோஜா

பணம் கொடுத்துப் போட்டுக்கொண்ட முதல் ஆள் சரோஜாக்கா. பழைய ஃபேக்டரியில் தையல் செக்‌ஷன் சூப்பர்வைசர். தோலை ஒட்டுகிற சொல்யூஷனில் ஊறி ஊறி அவர் நகமெல்லாம் விளிம்பில் உரிந்து, பழைய சுவரில் சுண்ணாம்பு விட்டாற்போல இருக்கும். "எதையாவது போட்டு மறைச்சுவிடு" என்று கையை நீட்டினார். முதலில் ஒழுங்காக அராவி, வெளிர் ரோஸில் இரண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு ஒவ்வொரு விரலிலும் கறுப்பு ரோஜாவை ஒத்தினேன். ஒன்றுகூடக் கலையவில்லை. எனக்கே பெருமை தாங்கவில்லை.

சரோஜாக்கா கையை உயர்த்திப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எதிரில் உட்கார்ந்து எனக்கு நேராக வருகிற மாதிரி ஒத்தியிருக்கிறேன். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லா ரோஜாவும் தலைகீழாகத் தொங்குகிறது. "ஏன்க்கா, எதிர்ல பாக்கறவங்களுக்கு நேராத்தானே இருக்கு?" என்று சமாளித்துப் பார்த்தேன். சூப்பர்வைசரிடம் அந்தப் பேச்செல்லாம் நடக்குமா? ரிமூவர் பாட்டிலை அவரே எடுத்து என் முன்னால் வைத்தார். அன்றைக்கு அவர் சொன்னதைத்தான் நான் இன்றுவரை தொழில் விதியாக வைத்திருக்கிறேன்.

"காசு குடுக்கறவ நான். ரோஜா என்னைப் பாத்துத்தான் நிக்கணும். ஊருக்கு தலைகீழாத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவட்டும்."

ஜே

எழுத்துத் தட்டு ஒன்று இருந்தது என்று சொன்னேன் இல்லையா, அதில்தான் கல்லூரிப் பெண்களுக்கு உயிர். மோதிர விரலில் ஒரே ஒரு எழுத்து. யாருடைய எழுத்து என்று நான் கேட்பதில்லை. கேட்கக்கூடாது என்பது பர்வீன் அக்காவின் சட்டம். ஒரு சனிக்கிழமை ஷீபா என்ற பெண் அவள் அம்மாவோடு வந்தாள். வேலூரில் படிக்கிறவள். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முக்கியமானவர். ஷீபா மோதிர விரலை நீட்டி, "ஜே போடுங்கக்கா" என்றாள். டீச்சரம்மா கையிலிருந்த பத்திரிகையை இறக்கினார். "யாருடி ஜே?" ஷீபா கண்ணை இமைக்கவில்லை. "ஜீசஸ்மா." டீச்சரம்மாவின் முகம் அப்படியே குளிர்ந்து போனது. "அப்ப எனக்கும் ஒண்ணு போடும்மா" என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் ஷீபாவைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அம்மாவுக்கும் ஒரு ஜே போட்டேன்.

அதற்கப்புறம் நிறைய நடந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பையன் பேர் ஜெபராஜ், வேலூரில் ஒரு மருந்துக் கடையில் இருந்தான், முதலில் வீட்டில் பெரிய பேஜார் ஆகி, பிறகு பாஸ்டரே நடுவில் வந்து பேசி முடித்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் ஷீபாவுக்கு நகம் செய்ய நான்தான் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் டீச்சரம்மா கதவிலேயே நின்றார். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ள பேர அவளுக்கு முன்னாடி ஊரெல்லாம் காட்டிக்கினு திரிஞ்சது நான்தானேம்மா."

ஆஸ்பத்திரிக் கை

வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்த கிரேஸ், லீவுக்கு ஆம்பூர் வரும்போதெல்லாம் பார்லருக்கு வருவாள். வந்து உட்கார்ந்து மற்றவர்கள் போட்டுக்கொள்வதைப் பார்ப்பாள், போய்விடுவாள். டியூட்டியில் நகத்தில் பாலிஷ் இருக்கக்கூடாது, நகம் வளர்க்கக்கூடாது. ஒரு நாள் பார்க்கப் பாவமாக இருந்தது. "காலுல போட்டுக்கோயேன். ஷூவுக்குள்ளதானே இருக்கப்போவுது" என்றேன். அவள் முகத்தில் விளக்கு எரிந்தது. இரண்டு பெருவிரலிலும் வெள்ளையில் நீலப் பட்டாம்பூச்சி. மற்ற விரல்களில் புள்ளி மட்டும். ஷூவுக்குள் யாருக்கும் தெரியாமல் பட்டாம்பூச்சியோடு வார்டில் நடப்பது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று அடுத்த லீவில் வந்து சொன்னாள். கஷ்டமான ராத்திரி டியூட்டியில் ஷூவுக்குள்ளேயே விரலை ஆட்டிக்கொள்வாளாம்.

பிறகு ஒரு நாள் வார்டில் ஒரு நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பாத்திரம் சரிந்து அவள் ஷூ நனைந்துவிட்டது. ஓரமாக உட்கார்ந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றிய நேரத்தில் வார்டு பொறுப்பு சிஸ்டர் வந்து நின்றார். கண்டிப்புக்குப் பேர்போனவர். குனிந்து அவள் காலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். கிரேஸுக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. மெமோ வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை பார்லர் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு கண்ணாடி போட்ட ஒரு அம்மா ஏறி வந்தார். பின்னாலேயே கிரேஸ், தலை குனிந்தபடி. அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார். வழக்கம்போல நான் கைக்காக டவலை விரித்தேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கை ஆஸ்பத்திரியோடதும்மா. கால்தான் என்னோடது. அதுல போடு."

தண்ணீர் போகிற பூ

பர்வீன் அக்கா பார்லர் வைத்திருந்தாலும் அவர் நகத்தில் பாலிஷ் நிலைத்து இருந்து நான் பார்த்ததில்லை. தொழுகைக்கு முன்னால் ஒளு செய்யும்போது நகத்திலும் தண்ணீர் பட வேண்டும். பாலிஷ் இருந்தால் படாது. ஏதாவது டிசைன் சரி பார்க்கப் போட்டுக்கொண்டால்கூட மசூதியில் பாங்கு சொல்வதற்குள் துடைத்துவிடுவார். எங்கள் ஊரில் பாதி வாடிக்கையாளர்களுக்கு இதே கதைதான். ஆசை இருக்கும், தட்டைத் தடவிப் பார்ப்பார்கள், மருதாணி போதும் என்று போய்விடுவார்கள். அப்போதுதான் நஸ்ரீன் வந்தாள். அடுத்த வாரம் நிக்காஹ். உள்ளங்கையில் மருதாணி உண்டு, நகத்தில் பூவும் வேண்டும், ஒரு வேளை தொழுகையும் விடமாட்டேன் என்றாள். "மூணும் சேர்ந்து நடக்காதும்மா" என்றார் பர்வீன் அக்கா. நஸ்ரீன் எழுந்து போகவில்லை. கண் கலங்கிப் போய் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வழி கிடைத்தது எங்கள் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. இரண்டு நாள் கழித்துக் காலையில் பர்வீன் அக்காவின் சுண்டு விரலில் ஒரு பூவை ஒத்திப் பார்த்தேன், வெறும் நகத்தின் மேல். அந்த நேரம் அவர் தங்கச்சி மருதாணிக் கோனோடு வந்து, பேச்சுவாக்கில் அக்காவின் விரல் நுனிக்கெல்லாம், நகத்தையும் மூடி, மருதாணித் தொப்பி வைத்துவிட்டாள். மத்தியானத் தொழுகைக்கு முன்னால் கையைக் கழுவி, பாலிஷ் ஞாபகம் வந்து ரிமூவரால் துடைத்தபோது பர்வீன் அக்கா என்னைக் கூப்பிட்ட குரலே வேறு மாதிரி இருந்தது. நகம் முழுக்கச் சிவப்பு. பாலிஷ் இருந்த இடத்தில் மட்டும் மருதாணி ஏறாமல், நகத்தின் சொந்த நிறத்தில் ஒரு பூ. குழாயைத் திறந்து விரலை நனைத்தார். துடைத்தார். மறுபடி நனைத்தார். பூ அப்படியே இருந்தது. நகத்தின் மேல் ஒன்றுமே இல்லை.

நஸ்ரீனுக்கு ஆள் அனுப்பினோம். ஆனால் ஒரு விரலில் தற்செயலாக வந்தது பத்து விரலில் வேண்டுமென்று செய்தால் வருமா? என் நகத்தில் பழகிப் பார்த்தேன். பாலிஷ் மெல்லிசாக இருந்தால் மருதாணி உள்ளே புகுந்து பூ இருந்த இடத்தில் ஒரு கறைதான் மிஞ்சியது. மருதாணியைத் துடைத்து எடுக்க ரிமூவர் எதுவும் கிடையாது, நகம் வளர்ந்துதான் போக வேண்டும். கல்யாணப் பெண்ணின் விரலில் தப்பு செய்தால் அது ஆல்பம் பூராவும் இருக்கும். வீட்டில் அன்றைக்கு எனக்கு ரசம்கூட ருசிக்கவில்லை. மருதாணி வைக்கிற நாளில் அவள் வீட்டுக்கே போய், கெட்டியான பாலிஷால் பெரிய இதழ் உள்ள பூவாகத் தேர்ந்தெடுத்து ஒத்தினேன். மேலே மருதாணி வைத்து, ஊறியதும் கழுவித் துடைத்தேன். ஒன்பது விரலில் பூ நன்றாக வந்திருந்தது. இடது கட்டை விரலில் மட்டும் கலங்கி, பூ என்றும் சொல்ல முடியாது, இலை என்றும் சொல்ல முடியாது. நஸ்ரீன் அதைப் பார்த்தாள். "இது மொட்டுக்கா, இன்னும் விரியல" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ஆனால் பரீட்சை அதோடு முடியவில்லை. நஸ்ரீனுடைய அப்பாவின் அக்கா, அந்த வீட்டில் எல்லாரும் புப்பு என்று கூப்பிடுகிற வயசான அத்தை, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து பெண்ணின் விரலைப் பிடித்து, தன் நகத்தால் பூவை அழுத்திச் சுரண்டினார். ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி விரலில் ஊற்றினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பாலிஷின் பளபளப்பு ஏதாவது தெரிகிறதா என்று தேடுகிறார்.  பர்வீன் அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். கடைசியில் புப்பு பெண்ணின் கையை விட்டுவிட்டு, என் எதிரில் மெதுவாக உட்கார்ந்து தன்னுடைய கையை நீட்டினார்.

"சுரண்டிட்டேன், ஒண்ணும் வரல. எனக்கும் போடு. ஆனா சின்னதா, வயசுக்கு ஏத்தாப்ல."

மறுபடியும் கூப்பிட்டார்கள்

அந்தக் கல்யாணத்துக்கப்புறம் பார்லரில் கூட்டம் ஜாஸ்தி. அதே சமயம் ஃபேக்டரியிலும் ஆர்டர் திரும்பி வந்தது. பழைய ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஸ்டாம்பிங் செக்‌ஷனில் என் இடம் காலியாக இருக்கிறது என்று சொல்ல சரோஜாக்காவையே அனுப்பினார்கள். பி.எஃப். உண்டு, பஸ் உண்டு, ஞாயிறு லீவு உண்டு. பார்லரில் இதெல்லாம் எங்கே? வீட்டில் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார் டேனியல். பர்வீன் அக்காவிடம் சொன்னேன். அவர் சீப்பில் சிக்கிய முடியை எடுத்தபடியே, "நல்ல சம்பளம்னா போ எஸ்தரு, நான் கோச்சுக்க மாட்டேன்" என்றார். அந்தச் சீப்பில் முடியே இல்லை என்பதை இரண்டு பேருமே பார்த்தோம்.

பதில் கேட்க சரோஜாக்கா வந்தபோது நகமும் போட்டுக்கொள்ள உட்கார்ந்தார். நான் அராவ ஆரம்பித்தேன். ஃபேக்டரியில் ஒரு நாள் முழுக்க ஒரே நம்பரை அடிப்பேன், யார் காலுக்குப் போகிறது என்று தெரியாது. இங்கே ஒவ்வொருத்தியும் கையை நீட்டிக்கொண்டு தன் கதையைச் சொல்கிறாள். இதையெல்லாம் அவரிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று வாக்கியத்தைத் தேடிக்கொண்டே ஒரு கையை முடித்துவிட்டேன். அடுத்த கைக்குப் பூவை எடுக்கத் தட்டில் பாலிஷ் தடவிவிட்டு, "அக்கா, வந்து..." என்று ஆரம்பித்தேன். அவர் தட்டைத்தான் பார்த்தார்.

"வரமாட்டேன்னு தெரியும். கேக்கச் சொன்னாங்க, கேட்டேன். பாலிஷ் காயுது பாரு, இந்தக் கைய முடி."

மாடிப்படியில் ஒரு அப்பா

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கீழே படியில் யாரோ நின்றுகொண்டே இருப்பதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். இறங்கிப் பார்த்தேன். ஐம்பது வயசுக்கு மேலே இருக்கும் ஒருவர், சட்டையெல்லாம் துவைத்து மடிப்பு எடுத்துப் போட்டிருந்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தார். டேனரியில் தோலுக்குச் சாயம் ஏற்றுகிற டிரம்மில் வேலை, பேர் கோவிந்தசாமி என்றார். ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபேட்டையில் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா ஆபீஸ் உத்தியோகத்தில் இருந்தவர். "தட்டு மாத்தறப்ப எல்லாரும் கையத்தானேம்மா பாப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கையை முன்னால் கொண்டுவந்தார். பத்து நகமும் அடி வரைக்கும் கறுத்துப் பழுப்பேறி இருந்தன. எலுமிச்சம்பழம், சீயக்காய், மண்ணெண்ணெய் எல்லாம் தேய்த்துப் பார்த்துவிட்டாராம்.

பார்லருக்குள் ஆம்பளைகளை விடுவதில்லை. உள்ளே இரண்டு பேர் முகத்தில் பூச்சோடு படுத்திருந்தார்கள். அவரும் உள்ளே வர ஒத்துக்கொள்ளவில்லை. படி திரும்புகிற இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அவரை உட்கார வைத்து, வெந்நீர் பேசினைக் கொண்டுபோனேன். ஊற வைத்து, தேய்த்து, அராவி, மறுபடி ஊற வைத்தேன். சதையில் இருந்த கறை ஓரளவு போனது. நகத்துக்குள் இறங்கினது அசையவில்லை. அவர் முகம் வாடத் தொடங்கியதைப் பார்த்தேன். "ஐயா, ஒண்ணு பண்ணலாம். கறை இல்லாத நகத்து கலர்லயே பாலிஷ் அடிக்கலாம். யாருக்கும் தெரியாது" என்றேன். கையை இழுத்துக்கொண்டார். "ஆம்பளைக்குப் பாலிஷாம்மா?" மேலேயிருந்து யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.  பிறகு கையைத் திரும்ப என் மடியிலிருந்த டவலில் வைத்தார்.

வெள்ளை, ரோஸ், ஒரு துளி பழுப்பு மூன்றையும் கலந்து பார்த்தேன். முதல் கலவை பிளாஸ்டிக் மாதிரி இருந்தது, துடைத்தேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. பளபளப்புதான் காட்டிக்கொடுக்கும். அதனால் காய்கிற நேரம் பார்த்து மேலே லேசாகப் பவுடரைத் தொட்டு மங்க வைத்தேன். அவர் கையைத் தன் முகத்துக்கு எதிரில் வைத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அது வேறு யாருடைய கையோ என்பது மாதிரிப் பார்த்தார். பிறகு வேட்டியில் படாமல் இரண்டு கையையும் தூக்கினாற்போல வைத்துக்கொண்டு படி இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை காலையில் பார்லரைத் திறக்கும்போது படியில் நின்றுகொண்டிருந்தார், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். சம்பந்தி இரண்டு கையாலும் தன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினாராம். போட்டோவுக்கு நிற்கும்போது கையை எங்கே வைப்பது என்கிற யோசனையே வரவில்லையாம். வேலைக்குப் போகிற வழியில் வந்திருக்கிறார் என்பது கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கைப் பார்த்ததும் தெரிந்தது. கூச்சமாக இருக்குமே, கூட வேலை செய்கிறவர்கள் கேலி பண்ணுவார்களே என்று ரிமூவரையும் பஞ்சையும் எடுத்தேன். அவர் நகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"வேணாம்மா. இன்னிக்கு டிரம்முல கை வச்சா தானா போயிடும். அதுவரைக்கும் இருக்கட்டும்."

ஆக, மனுஷருக்கு நகம் வளர்ந்துகொண்டே இருக்கிற வரைக்கும் நம் பிழைப்புக்கு ஒன்றும் பயமில்லை, அதை உட்கார்ந்து கடிக்கிறவர்கள் மட்டும் நம் தெருவில் கொஞ்சம் கம்மியாக இருந்தால் போதும்.